பூஜ்ய வோல்ட்

மோடர்ஃபோன்டைனில் ஜூன் மாதம்
எதைத் தொட்டாலும் கடிக்கும்.
கார்க்கதவு, குழாய்,
டெபோஹோ நீட்டும் சாவிக்கொத்து.
அக்ரிலிக் ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றினால்
இருட்டில் கடுகு வெடிக்கும்.
எரித்த புல்வெளிமேல் ஈரமே இல்லாத காற்று.
லெனேசியாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஓட்டி வந்து
மண்மேட்டுக்குள் இறங்குகிறேன்,
பிளாஸ்டிக்கை உடைத்துக் கேள்வி கேட்கும் வேலைக்கு.

இன்றைக்கு பாலிஸ்டைரீன்.
மூன்று மில்லிமீட்டர் கனம்,
ஐந்து ராண்ட் நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலம்.
கண்ணாடி மாதிரி தெளிவு.
நான் தேநீர் குடிக்கும் வெள்ளைக் கோப்பையும்
இதே இனம்தான்;
அது நுரைத்தது, இது நுரைக்காதது.

மின்சாரத்தை விடாது.
எத்தனை ஓம் என்று கேட்டால்
மீட்டர் கையை விரித்துவிடும்.
நாங்கள் கேட்பது வேறு:
ஒரு லட்சத்து இருபதாயிரம் வளிமண்டலம்
ஒரே அடியாக முகத்தில் விழுந்தால்
அப்போதும் விடாதா?

முன்னால் ஓர் அலுமினியத் தாள்,
பின்னால் ஒன்று.
நடுவே நானூறு வோல்ட் காத்துக்கிடக்க வேண்டும்.
ஏதாவது கசிந்தால்
கேபிள் வழியே ஓடிவந்து திரையில் கோடாகும்.
கேபிளுக்குள் செய்தி
நானோ நொடிக்கு ஒரு சாண் ஓடும்.
முப்பது மீட்டர், நூற்றைம்பது சாண்.
நானே அளந்து வெட்டியது.

பத்து மணிக்கு லோட்ஷெடிங்.
அட்டவணையில் பன்னிரண்டு என்றிருந்தது.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டே எழுந்தது.
கேமராவை எழுப்பினேன்.
கடிகாரத்தைத் திருத்தினேன்.
ட்ரிகரை மூன்று தடவை பார்த்தேன்.
நானூறு வோல்ட் பெட்டியை மட்டும்
திரும்பப் போடவில்லை.
எனக்குத் தெரியாது.
அப்போது தெரியாது.

டெபோஹோ சங்கு ஊதினான்.
பொத்தானை அமுக்கினான்.
காலடியில் தரை ஒருமுறை விக்கியது.
அவ்வளவுதான். வில்லை இல்லை.

திரையில் கோடு:
தட்டையாக வந்து
சட்டென்று ஒரு தோளைத் தூக்கி
மெல்லச் சரிந்து
தாள் அறுந்த இடத்தில் கிறுக்கலானது.

டாக்டர் ஃபூரி பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.
சில்லென்றிருந்தது.
"சாலாட்சி, நீ வோல்ட்டேஜே கொடுக்கவில்லை."
வில்லையின் விலை, வெடிமருந்தின் விலை,
ஒரு காலைப்பொழுதின் விலை
எதையும் அவர் சொல்லவில்லை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
வெகுநேரம்.
என் காது சுட்டது.
மன்னிப்பு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது;
இந்த மாதிரி நேரத்தில்
எனக்கு முன்னால் ஓடுவது அதுதான்.

டெபோஹோதான் திரையைக் காட்டிக் கேட்டான்:
"அப்படியானால் இது யாருடையது?"

ஜெனரேட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நூற்றைம்பது சாணைக் கழித்துப் பார்த்தேன்.
அலை வில்லைக்குள் கால் வைத்த அதே கணத்தில்
கோடு தொடங்குகிறது.
யாரும் ஒரு வோல்ட் கொடுக்கவில்லை.
தாறுமாறாகக் கிடந்த சங்கிலிகள்
அடியின் திசைக்குத் தலை திருப்பியிருக்கின்றன.
அந்தத் திரும்பல் தவிர
இதில் வேறொன்றும் இல்லை.

அடி உதவுகிற மாதிரி
அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள்.
எனக்குப் பிடிக்காத பழமொழி.
வில்லை ஒன்றும் திருந்தவில்லை.
ஒரு மைக்ரோ நொடிகூட முழுசாக இல்லாத நேரத்தில்
இருந்ததைச் சொல்லிவிட்டுப்
புகையாகிப் போனது.

"இன்னொன்று அடிப்போம்," என்றார் ஃபூரி,
"இதே மாதிரி. மறக்காமல் மறந்துவிடு."
அவர் நகைச்சுவை சொன்னதை
நாலு வருடத்தில் அன்றுதான் கேட்டேன்.

பதிவேட்டில் வோல்ட்டேஜ் கட்டத்தில்
பூஜ்யம் போட்டேன்.
காரணம் என்ற கட்டம் குறுகல்.
'லோட்ஷெடிங்' என்று எழுதச் சொன்னான் டெபோஹோ.
'மறதி' என்றே எழுதினேன்.
அதுவும் நிறைந்துதான் போனது.

ஆறிய தேநீரைக் குடித்துவிட்டுக்
கோப்பையை நசுக்கினேன்.
கிரீச்சென்றது.
மற்றபடி ஒன்றும் சொல்லவில்லை.
அதற்கு இந்தக் கை போதாது.